முதல் சாகுபடி

“அப்பா, நிலத்துல எனக்கும் பங்கு வேணும்.”

கேட்கவே கூடாது என்று அம்மா அடக்கி வைத்திருந்ததை, அந்த வீட்டின் முதல் பட்டதாரி இசைவாணி போட்டு உடைத்தாள்.

அண்ணன் வளவன் சிரித்தான். “முதல்ல விதை போட்டு ஒரு தக்காளிச் செடி வளத்துக் காட்டு. அதுகூட வராதவங்களுக்கு எதுக்கு நிலம்?”

“அதுவும் சரிதான்” என்றார், நெல்லைத் தவிர வேறு பயிரைத் தொட்டறியாத அப்பா துரைராசு.

பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு, மண் நிரப்பி விதைத்தாள். செடி வளர்ந்து பூவும் வைத்தது. பிறகு மஞ்சளடித்துத் தொங்கிவிட்டது.

“செடிக்கே உன்னைப் பிடிக்கல!” என்றான் வளவன்.

ஆத்திரத்தில் வாளியைக் கவிழ்த்தாள். சேறு கொட்டியது. ஓட்டைகளை யாரோ களிமண்ணால் அடைத்திருந்தார்கள்.

“ஏண்ணே, உன் வேலைதானே?”

“சத்தியமா நான் இல்லடி!”

துரைராசு தலையைச் சொறிந்தார். “நான்தாம்மா. நீ ஜெயிக்கணும்னு தெனம் தண்ணி ஊத்தினேன். எல்லாம் ஓட்டை வழியா ஓடிருச்சு. தண்ணி நிக்காம பயிர் எப்படிம்மா வரும்?”

“அப்ப அண்ணன் சொன்ன கணக்குப்படி உங்களுக்கே நிலம் கிடையாதுப்பா!”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிறங்கினாள் இசைவாணி.

“தண்ணி நிக்காத அந்த மேட்டுக் கொல்லை என்னோடது. தண்ணி பாய்ச்ச மட்டும் யாரும் வந்துடாதீங்க!”