பாறையில் விரித்த துண்டு

புவனேசன் அந்தப் பாறையை விட்டு நகர மாட்டேன் என்றார்.

மலேசியாவின் கெடா மாநிலத்து லூனாஸிலிருந்து கோயில் யாத்திரை வந்திருந்தோம். அன்று எங்கள் பஸ் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சமணர் மலையடியில் நின்றது. மேலே பாறைச் சரிவில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிலைகள். அவற்றின் முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். கேமரா என்னிடம்.

புவனேசனோ கடைசிச் சிலைக்குப் பக்கத்தில் பாறைமேல் துண்டை விரித்துப் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க லா. இங்க நீங்கதான் சாமியா?" என்றார் பிரேமாவதி.

எல்லோரும் சிரித்தார்கள். புவனேசன் சிரிக்கவில்லை. முதுகுவலி என்றார்.

நேற்று மீனாட்சியம்மன் கோயிலில் எல்லோருக்கும் முன்னால் ஓடிய முதுகு அது என்று யாத்திரைத் தலைவர் சீனிவாசகம் முணுமுணுத்தார். அவர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். இந்த மலை எங்கள் திட்டத்திலேயே இல்லை. தேவகி பிடிவாதம் பிடித்ததால் வந்தது.

தேவகியின் கணவர் காளிதாசன் எங்கள் ஊர் பெயின்டர். லூனாஸ் வட்டாரக் கோயில்களில் தூண், பெஞ்சு, டியூப்லைட் என்று எதைப் பார்த்தாலும் அவர் கையெழுத்தில் 'உபயம் இன்னார்' என்று இருக்கும். சில வருடங்களுக்கு முன் அவர் மட்டும் இந்த மலைக்கு வந்து போனார். போன வருடம் இறந்துவிட்டார். அவர் பார்த்த இடத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார் தேவகி. அவருடைய ஆசைக்காக நாமெல்லாம் வெயிலில் ஏற வேண்டுமா, பூஜையும் இல்லை, விபூதியும் இல்லை என்று பஸ்ஸில் புகைச்சல். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் மேலே வந்ததும் பேச்சு அடங்கியது. ஆயிரம் வருடத்துக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள் அந்தத் தீர்த்தங்கரர்கள். சிலைகளுக்குக் கீழே வட்டெழுத்து. செய்து வைத்தவர்களின் பெயர்கள் என்றார் வழிகாட்டி.

"அட, அப்பவே உபயம் போட்டிருக்காங்கய்யா," என்றார் சீனிவாசகம். எங்கள் எல்லோருக்கும் ஒரு சுற்று மார்பு விரிந்தது.

புவனேசனையும் அவர் துண்டையும் சேர்த்தே படம் எடுத்தேன். எல்லோரும் இறங்கினார்கள். அவர் அசையவில்லை. கோபத்தோடு அருகில் போனேன்.

"தம்பி, எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, துண்டை மெல்ல விலக்கினார்.

பாறையில் சிவப்பு பெயின்ட். 'காளிதாசன் – தேவகி, லூனாஸ், கெடா.'

யாருடைய கை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

"கோயில்னு நினைச்சு எழுதிட்டான், மடையன். வெளியே தெரிஞ்சா மாலு லா, மானம் போயிடும். அந்தத் தங்கச்சி புருஷனைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டு வந்திருக்கு. இதைப் பாத்தா தாங்குமா?"

நான் தலை குனிந்தேன்.

படியில் காலடிச் சத்தம். புவனேசன் அவசரமாகத் துண்டைப் போட்டு மறுபடி சாய்ந்தார்.

தேவகிதான். முன்னதாகவே இறங்கியவர், கீழே இருந்த காவலாளியைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஏறி வந்திருந்தார். என்னமோ ஏதோ என்று பாதிப் பஸ் அவர் பின்னால் வந்தது.

"அண்ணே, நகருங்க," என்றார்.

"முதுகு, தங்கச்சி..."

"நீங்க எதை மறைக்கிறீங்கன்னு தெரியும். எழுதின அன்னிக்கே படம் புடிச்சு எனக்கு அனுப்பினாரு. அப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சிலையைச் செஞ்சவங்க பேரு போட்டாங்க, சரி. நாம என்ன செஞ்சோம்னு பேரு போட்டோம்? அவரு போனப்புறம் அந்தப் படத்தைப் பாக்கப் பாக்க அதுதான் மனசுல ஓடுது."

புவனேசன் விலகினார். துண்டு கீழே விழுந்தது. பின்னால் நின்றவர்கள் படித்தார்கள்.

தேவகி காவலாளியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"ஐயா, இது என் வீட்டுக்காரர் எழுதினது. இதுல இருக்கிற தேவகி நான்தான். கல்லு கெடாம இதை அழிக்கணும். யாரைப் பாக்கணும்னு சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் மலேசியாவுலேருந்து வந்திருக்கேன்."