நடுச்சுவர்

பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் ஜோபின் வீட்டுக்கும் ஞானசுந்தரி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் காதை வைத்தால்தான் ஞானசுந்தரிக்குக் காலைக் காப்பியே தொண்டையில் இறங்கும்.

அன்றைக்குக் கேட்டது ஜோபினின் மனைவி ஜெபிஷாவின் குரல். "ஏங்க, கம்பெனி குடுத்ததை வீட்டுல வச்சு வேலை பாக்கலாமா? ஒரு சின்னத் தப்புல எல்லாம் போயிரும்னு சொல்றாகளே!"

"ரெண்டையும் கலக்க விட்டாத்தானே? அதைத் தனியா வச்சுத்தான் பாக்குறேன். வேலை முடிஞ்சு வெளியே எடுத்துட்டா, உள்ள ஒரு தடயமும் இருக்காது."

ஞானசுந்தரி காதை இன்னும் அழுத்தி வைத்தாள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே மருந்து கலக்கி வெடி செய்கிறார்களா! காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டாள்.

வந்த சப்-இன்ஸ்பெக்டர் அரிசிப் பானை வரைக்கும் துழாவினார். கிடைத்தது ஒரு லேப்டாப்பும் அதில் செருகிய பென்டிரைவும்தான்.

"கம்பெனி வேலைக்கு லினக்ஸ்தான் வேணுமாம் சார்," என்றான் ஜோபின். "என் சொந்த லேப்டாப்புல இருக்க விண்டோஸைத் தொடாம, கம்பெனி குடுத்த பென்டிரைவுல இருந்தே ஓட்டுறேன். ரெண்டும் கலந்தா உள்ள இருக்க கல்யாணப் போட்டோவெல்லாம் போயிரும்."

சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற ஞானசுந்தரியை முறைத்தார். "ஏம்மா, இதுக்கா இம்புட்டுக் கூப்பாடு?"

"பயம் இருக்காதா சார்? இங்கன ஒரு பொறி பறந்தா, எங்க மாடியில அடுக்கி வச்சிருக்க அம்புட்டு வெடித்திரியும்ல பத்திக்கிரும்!"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மாடிப்படி எந்தப் பக்கம்மா?"