பட்டத்தை விடாத ஃபைல்

ஒரு பென்டிரைவில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று யாரோ ஒருவரின் வீட்டு போர்டு, பெயர் 'ஏ1'. இன்னொன்று வட்டச் செயலாளரின் பிறந்தநாள் பேனர். பெயர் 'எங்கள் உயிரே*எழுச்சி நாயகரே*வார்டின் விடிவெள்ளியே*'.

"நட்சத்திரம் போட்ட பேரு எனக்குள்ள நுழையாது. எடுத்துடுங்கண்ணே" என்றது ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்.

"நான் யார்னு தெரியுமாடா? ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது!" என்று சீறியது பேனர் ஃபைல்.

"சாயங்காலம் மேடைக்கு பேனர் வேணும்ணே. சின்னப் பேரா வெச்சுட்டு உள்ள வாங்க" என்றது ஏ1.

"ரெண்டெழுத்துப் பயலே, வாயை மூடு."

கம்ப்யூட்டர் பேனர் ஃபைலை வெளியிலேயே விட்டது. கடைக்காரர் கண்ணுக்கு ஒரே ஃபைல்தான் தெரிந்தது. அதுதான் பேனர் என்று திறந்துகூடப் பார்க்காமல் இருபதடிக்கு அடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வட்டச் செயலாளர் மாலையோடு மேடையில் கும்பிட்டு நின்றார். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்தது:

"வாடகைக்கு விடப்படும். புரோக்கர்கள் வர வேண்டாம்."