அடிவாரப் புல்வெளி

பனிச்சறுக்கு நிறுவனம், சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் புது லிஃப்டுக்காக அடிவாரத்தில் இடம் தேடியபோது, முதலில் ஆல்பனின் புல்வெளியைத்தான் விலைக்குக் கேட்டது.

"குடுத்துடாதடா," என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் செவெரின். "ஒருத்தன் இளகினா போதும், மலையையே மொட்டையடிச்சிடுவானுங்க. நானும் தரமாட்டேன், நீயும் தராத."

சின்ன வயதிலிருந்து ஒன்றாக மாடு மேய்த்த சிநேகிதர். ஆல்பன் மறுபேச்சில்லாமல் கைகொடுத்தார்.

மகன் ருபெர்ட் கெஞ்சிப் பார்த்தான். "லிஃப்ட் வந்தா பக்கத்துலயே சின்னதா ஒரு விடுதி போட்டுக்கிட்டு இங்கயே இருந்துடுவேம்ப்பா. இல்லேன்னா நான் வியன்னாவுக்குத்தான் போகணும்."

"செவெரினுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"அப்போ அவரையே மகனா வெச்சுக்கோங்க."

பெட்டியோடு கிளம்பிப் போனவன், அதன்பிறகு போன்கூடச் செய்யவில்லை.

பனி உருகியதும் ஊர்க் கூடத்தில் விரிவாக்க வரைபடத்தை மாட்டினார்கள். லிஃப்ட் நிலையம், கார் நிறுத்துமிடம், சறுக்குப் பாதை வந்து முடியும் இடம் எல்லாமே செவெரினின் நிலத்தில் இருந்தன.

ஆல்பனுக்கு நண்பனை நினைத்துத்தான் பதறியது. நிறுவனத்துக்காகத் திட்டம் போட்ட யூடித்திடம் நேராகப் போனார்.

"செவெரின் சம்மதிச்சிருக்கவே மாட்டானே. மிரட்டி வாங்கினீங்களா?"

யூடித் குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள்.

"மிரட்டுறதா? உங்ககிட்ட நாங்க இடம் கேட்ட அன்னைக்கே அவர் எங்க ஆபீசுக்கு வந்துட்டாரு, சார். 'ஆல்பன் தரமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. என் நிலத்தை எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."