எப்போதும் உண்மை

பள்ளி விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. 'எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது' என்று பேச வந்த பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பள்ளியில் 'வக்கீல்' என்று பெயர். மூன்று வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"எங்க அப்பா ஆபீஸ்ல ஒரு பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னார். அன்னைக்கே வேலை போச்சு. ஆனா இன்னைக்கும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறார்!" என்று குரல் தழுதழுக்க முடித்தாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவரம்மாகூட மூக்கை உறிஞ்சினார். வக்கீல் உள்ளுக்குள் குதித்தபடி உட்கார்ந்தாள்.

எதிரணியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்தாள்.

"நடுவர் அவர்களே, அவங்க அப்பாவுக்கு வேலையெல்லாம் போகல. இன்னைக்குக் காலையிலகூட டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போனார். பொய் கூடாதுன்னு ஜெயிக்கிறதுக்கே ஒரு பொய் தேவைப்படுது, பார்த்தீங்களா?"

அரங்கம் அதிர்ந்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் அவர்தான் மேடம் அப்பா."

கோப்பை தங்கைக்குப் போனது.

"வீட்டுக்கு வாடி, உன்கிட்ட பேசிக்கறேன்!" என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

"முதல்ல அப்பாகிட்ட பேசுக்கா. வேலை போன விஷயம் பாவம், அவருக்கே இன்னும் தெரியாது."