ஏழு முறை அழித்த சொல்

மின்சாரம் போனபோது டிக்னா கடிதத்தை இன்னும் அனுப்பியிருக்கவில்லை.

கடையிலிருந்த ஐந்து கணினிகளும் ஒன்றாக அணைந்தன. நான்கு பேர் திட்டினார்கள். ஜன்னலோரத்தில் இருந்த அவள் மட்டும் விசைப்பலகை மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஈக்வடார் நாட்டு மலைமேல் இருக்கும் எங்கள் கன்யாரில் அந்த வருடம், 2002, ஆண்களில் பாதிப்பேர் ஸ்பெயினில் இருந்தார்கள். சனிக்கிழமை சந்தையில் உருளைக்கிழங்கை விற்றுவிட்டுப் பெண்கள் நேராக என் கடைக்கு வருவார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கடிதம் அடிப்பார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. சிலர் அழுதே விடுவார்கள்.

அதற்காகத்தான் அந்தச் சின்ன நிரலை எழுதினேன்.

திரையில் எங்கும் தெரியாமல் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்துகிற ஒவ்வொரு விசையையும், மவுஸின் ஒவ்வொரு நகர்வையும் அவ்வப்போதே ஒரு கோப்பில் எழுதிவிடும். கரண்ட் வந்ததும் அந்தக் கோப்பிலிருந்து கடிதத்தை மீட்டுக் கொடுப்பேன். "உங்கள் கடிதம் தொலையாது" என்று கதவில் ஒரு அட்டைகூட மாட்டியிருந்தேன்.

இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. டிக்னாவை என் மேசைக்கு அழைத்துக் கோப்பைத் திறந்தேன்.

அவள் கணவன் செகுந்தோ ஸ்பெயினில் முர்சியாவில் கீரைத் தோட்டத்தில் வேலை செய்தான். இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும், போடட்டுமா வந்துவிடட்டுமா, நீ சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தான். அதை அவளே என்னிடம் படித்துக் காட்டியிருந்தாள்.

ஓட்டை விழுந்த கூரை, கன்று போட்ட மாடு, மாமியாரின் கால்வலி. எல்லாம் கோப்பில் அப்படியே இருந்தன.

அழித்ததையும் அது விடவில்லை.

ஓர் எழுத்தை அழித்தால் கோப்பில் ஒரு சின்னச் சதுரம் விழும். "வந்துடுங்க" என்று இருந்தது. அடுத்து வரிசையாகச் சதுரங்கள். மறுபடியும் "வந்துடுங்க". மறுபடியும் சதுரங்கள். இப்படியே பல வரிகள். அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் ஒரு விசையும் அழுத்தப்படவில்லை. கடைசியில் ஒரு வரி: "கையெழுத்துப் போடுங்க, நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

மவுஸ் மூன்று தடவை அனுப்பும் பொத்தான்வரை போய், அழுத்தாமல் திரும்பியிருந்தது.

கோப்பை மூடப் போனேன். அவள் என் கையைத் தடுத்து, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். விரல் வைத்து எண்ணினாள்.

"ஏழு தடவையா? ஒரு தடவைதான் அடிச்சேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன், தோன் எஃப்ரைன்" என்றாள். எங்கள் ஊரில் 'தோன்' என்றால் 'ஐயா' மாதிரி; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

தொலைபேசி லைன் இன்னும் வரவில்லை. வெளியே அவள் ஊருக்குப் போகும் லாரி ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது.

"லைன் வந்ததும் நீங்களே அனுப்பிடுங்க. அழிச்சதையும் சேத்து, அப்படியே. அந்த மனுஷன் எல்லாத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

கடவுச்சொல்லைச் சொல்லக் குனிந்தாள். தேவையில்லை என்றேன். அதுவும் கோப்பில் இருந்தது. செகுந்தோவின் பெயர்தான்.

தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள். லாரியில் ஏறி நின்றவள் கடையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வருகிறாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான்கு மணிக்கு லைன் வந்தது. மோடம் அதன் வழக்கமான கூச்சலைப் போட்டு அடங்கியது. கடிதத்தை அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. "கையெழுத்துப் போட்டாச்சு. கவலைப்படாதே. மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிடு." மூன்று முறை படித்தாள். அன்றைக்கு அவள் பதில் எழுதவில்லை. அப்புறமும் எழுதவில்லை.

மறுவருடம் செகுந்தோ முர்சியாவில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதாக ஊருக்குச் செய்தி வந்தது. அதற்குள் டிக்னா என் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பத்து விரலாலும் தட்டக் கற்றுக்கொண்டாள். வருகிற பெண்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தாள். நான்காம் வருடம் எங்கள் கல்யாணம் நடந்தது.

அந்தக் கணினிகள் இப்போது இல்லை. அதே இடத்தில் செல்போன் உறை விற்கிறோம். ஆனால் மோடத்தின் அந்தச் சத்தத்தை இப்போது கேட்டாலும் எனக்குச் சனிக்கிழமை வந்துவிடும். ஈரத் தொப்பிகளின் வாசனை, ஒற்றை விரல்களின் டக் டக், ஜன்னலோரத்தில் அவள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை எர்மிலா வந்திருந்தாள். மூவரும் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். முதல் புருஷனை எப்போதாவது நினைத்துக்கொள்வாயா அக்கா என்று எர்மிலா கேட்டாள்.

"ஏழு தடவ வந்துடுன்னு கெஞ்சுனதக் கண்ணால பாத்துட்டும் கையெழுத்துப் போட்ட ஆளுடி அது. அன்னிக்கே விட்டுப்போச்சு. இல்லேன்னா இன்னிக்கும் காத்துக்கிட்டுல்ல கெடப்பேன்" என்றாள் டிக்னா. பிறகு என் பக்கம் திரும்பி, காபி இன்னும் வேண்டுமா என்று கேட்டாள்.

வேண்டும் என்றேன்.

அன்றைக்கு லைன் வந்ததும் கூரையைப் பற்றி எழுதியதை அனுப்பினேன். மாட்டைப் பற்றியும், மாமியாரின் கால்வலி பற்றியும். கடைசி வரியையும் அனுப்பினேன்.

அந்த ஏழு "வந்துடுங்க"வை மட்டும் நான் அனுப்பவில்லை.