புயல் செய்தியில் ஒரு பெயர்

வெண்டல் சவர பிளேடால் நாடாவை நறுக்கிக்கொண்டிருந்தான். ஓக்லண்டில் அவனுடைய கார் ஷெட் முழுக்க ஒலிநாடாத் துண்டுகள். விளம்பரங்களையும் செய்திகளையும் வெட்டி ஒட்டி, சொல்லாததைச் சொல்ல வைப்பதுதான் அவனும் ரூபனும் செய்யும் கலை. கேட்டவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

“ரெண்டு நாளா ஒரே ரேடியோக்காரர் குரலைப் போட்டுக் கொத்துறியே, அந்த மனுஷன் உனக்கு என்னடா பண்ணாரு?” என்றான் ரூபன்.

“‘டோலோரஸ்’னு ஒரு பேர் வேணும்டா. அது கிடைக்கலைன்னா அம்மா இன்னிக்கும் சாப்பிட மாட்டாங்க.”

‘நீ சாப்பிடு’ பீன்ஸ் டப்பா விளம்பரத்தில் கிடைத்துவிட்டது. ‘வர நேரமாகும்’ போக்குவரத்துச் செய்தியில் இருந்தது. டோலோரஸ்தான் எங்கேயும் இல்லை.

“புயலுக்குப் பொம்பளைப் பேர்தானே வைப்பாங்க? பழைய வானிலைச் செய்தியைப் பாரு.”

பார்த்தான். இருந்தது, அதட்டலாக.

“கரையை உடைக்கப் போறவளைக் கூப்பிடுற மாதிரி இருக்கேடா!”

“இருக்கட்டும். அப்படித்தான் கூப்பிடுவாரு.”

அவசரமாக ஒட்டினான். போனில் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தான்.

“டோலோரஸ், வர நேரமாகும். நீ சாப்பிடு.”

மறுமுனையில் அம்மா விசும்பினாள். அந்த ரேடியோக் குரலுக்குச் சொந்தக்காரரான அப்பா செத்து மூன்று வருடமானது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவர் வராமல் சாப்பிடமாட்டேன் என்று இரண்டு நாளாகத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“சரி, சாப்பிடறேன். வெண்டல் அங்கதான் இருக்கானா? அவன்கிட்டயும் அன்பா ரெண்டு வார்த்தை பேசுங்களேன்.”

வெண்டல் நாடாத் துண்டுகளைப் பார்த்தான். அதையும் அவனேதான் வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும்.